மூன்றாம் புத்தகம்

தறிக்குழியை எப்படி எழுதுவது என்று அந்த இளம் பத்திர எழுத்தருக்கு அன்று பிடிபடவில்லை.

ஆண்டு 1991. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில், ஐயம்பேட்டைப் பக்கம் ஒரு நெசவாளர் வீடு. கூடத்தில் ஒன்றை அடுத்து ஒன்றாக இரண்டு குழித்தறிகள். பெரியவருக்கு மூன்று பிள்ளைகள். இருவர் தறியில் உட்கார்ந்துவிட்டார்கள், ஒருவர் வெளியூரில் வேலை. "வீட்டை ரெண்டாக்கி நெய்யறவனுங்களுக்கு எழுதிடு தம்பி. மூணாமவனுக்கு ரொக்கம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார் பெரியவர். முன்கட்டு மூத்தவருக்கு, பின்கட்டு அடுத்தவருக்கு. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. நாடாவைப் பிடித்து அளந்தபோதுதான் பங்கு பிரியும் கோடு இரண்டாவது குழியின் நடுவே ஓடுவது தெரிந்தது. தறிமரத்தைக் கழற்றி எடுத்துப் போகலாம், அது அசையும் சொத்து. குழி மண்ணோடு சேர்ந்தது. மிதிபலகை அண்ணன் பங்கில், உட்காரும் திட்டு தம்பி பங்கில் என்று உயில் எழுதினால், பெரியவர் கண்ணை மூடிய மறுமாதமே கூடத்தில் சுவர் எழும்பும்.

கோட்டை மூன்றடி முன்னால் நகர்த்தி, அதற்கு ஈடாகக் கிணற்றடியில் மூத்தவருக்கு இடம் விட்டு எழுதினார்கள். பேசி முடிக்க ஒரு பகல் முழுக்க ஆனது. எழுதியது ஒரு மணி நேரம்தான். கூலி நூறு ரூபாய் என்றதும் பெரியவர், "ரெண்டு தாளு எழுதறதுக்கா நூறு?" என்று கேட்டார்.

இளம் எழுத்தர் அன்று பதில் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டிவிட்ட இந்த வயதில் சொல்கிறார்: தாளுக்கு ஒன்றுமே வேண்டாம், கேட்ட கேள்விகளுக்குத்தான் கூலி.

ஊரில் அவரை ரைட்டர் என்றே கூப்பிடுகிறார்கள். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊரில் நெல்வயல், செங்கல் வீடு, நத்தம் மனை, தறி வீடு, இப்போது ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பிப் போட்ட மனைப்பிரிவுகள் என்று எல்லா வகைச் சொத்தையும் அவர் பேனா தொட்டிருக்கிறது. முத்திரைத்தாளில் கையால் எழுதிய காலத்தில் தொழிலுக்கு வந்தவர். கணினி வந்தது, இணையவழிப் பதிவு வந்தது, கைரேகை எடுக்கும் கருவி வந்தது. வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை.

"எவ்வளவு ஆகும்?"

உயிலைப் பொறுத்தவரை அரசுக்குக் கொடுப்பது மிகக் குறைவு. உயிலுக்கு முத்திரைத் தீர்வை கிடையாது. வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது இவ்வளவுதான். பதிவு செய்வது அவரவர் விருப்பம். பதிவு செய்தாலும் சொத்து ஒரு லட்சமா ஒரு கோடியா என்று பார்த்துக் கட்டணம் போடுவதில்லை. ரைட்டர் இன்று உயிலுக்கு இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை வாங்குகிறார். இல்லாதவர்களிடம் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்.

சார் பதிவாளர் அலுவலகத்தில் விற்பனை, அடமானம், செட்டில்மென்ட் எல்லாம் முதல் புத்தகத்தில் ஏறும். உயில் ஏறுவது மூன்றாம் புத்தகத்தில். முதல் புத்தகத்தில் இருப்பதுதான் வில்லங்கச் சான்றில் வரும். மூன்றாம் புத்தகத்தில் இருப்பது வராது. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். அதுவும் போதாது என்று நினைப்பவர்கள் உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். "பதிவு பண்ணா பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடுமே" என்று தயங்குகிற பெரியவர்களிடம் ரைட்டர் இதைத்தான் முதலில் விளக்குகிறார். பதிவான உயிலை அதற்குப் பிறகு எழுதிய ஒரு வெள்ளைத்தாள் உயில் ரத்தாக்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறார். கடைசியாக எழுதியதுதான் செல்லும். பதிவு, நடந்ததற்குச் சாட்சி. பூட்டு அல்ல.

இவ்வளவு மலிவாக இருந்தும் பலர் உயிலை விட்டுவிட்டு செட்டில்மென்ட் எழுதக் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் கேட்பது பெரியவர் அல்ல, கூட வந்திருக்கும் பிள்ளை. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் சொத்து மதிப்பில் ஒரு சதவீதம் முத்திரைத் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 25,000, 4,000 என்று இருந்ததை 2023 ஜூலையில் 40,000, 10,000 என்று உயர்த்தினார்கள். முப்பது லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 30,000 தீர்வையும் 10,000 கட்டணமும் ஆக மொத்தம் நாற்பதாயிரம். அதோடு வேலை முடிந்தது, வீடு அன்றே பிள்ளை பேரில்.

ரைட்டரை உறுத்துவது அந்த 'அன்றே'தான். உயிலை நாளைக்கு மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட்டை எழுதியவர் தம் இஷ்டத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. சொந்த வீட்டுத் திண்ணையில் வாடகைக்காரர் போல உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை அவர் பார்த்திருக்கிறார். அதனால் செட்டில்மென்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களிடம், தம் ஆயுள் வரை குடியிருக்கும் பாத்தியத்தை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ஒரு வரியாகச் சேர்க்கிறார். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கத் தவறினால் சொத்து மாற்றத்தை ரத்து செய்ய வழி தருகிறது. ஆனால் நிபந்தனை பத்திரத்தில் இருந்ததா இல்லையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை பலமுறை போயிருக்கிறது. ஒரு வரி எழுத மை எவ்வளவு செலவாகிவிடும்? எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தச் சுளிப்பைப் பெரியவரும் பார்க்கட்டும் என்றுதான் அந்த வரியைச் சத்தமாகப் படிப்பார்.

உயில் பேசும்போது அறையில் எழுதுகிறவர் மட்டும் இருக்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் கட்டாயம். பலன் பெறப் போகிறவரே ஆட்டோ பிடித்து அழைத்துவந்து, அவரே சொத்து விவரம் சொல்லி, அவர் நண்பர்களே சாட்சி போட்டால், பின்னாளில் நீதிமன்றம் சந்தேகப்படும். சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் காட்டுகிறவருக்கே என்று 1958இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் நிற்கிறது. சாட்சிகள் எழுதுகிறவரைவிட வயதில் குறைந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதிலும் ரைட்டர் கறார். வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். எழுபது வயது நண்பரைச் சாட்சி வைத்துவிட்டு, உயில் எழுதியவருக்கு முன்பே அவர் போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது?

அவர் கையால் ஒரு தவறு நடந்தது. அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

1990களின் நடுவில் பாலாற்றங்கரை நிலம் ஒன்றுக்கு உயில். தாய்ப்பத்திரத்தில் இருந்த சர்வே எண்ணை அப்படியே பார்த்து எழுதினார். அந்தப் பத்திரம் 1968ஆம் வருடத்தது. இடையில் 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க யு.டி.ஆர். எனும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்து, எண்கள் உட்பிரிவாகியிருந்தன. அவர் எழுதிய எண் இப்போது மூன்று துண்டு. அதில் ஒரு துண்டுதான் பெரியவருடையது. பெரியவர் காலமான பிறகு பிள்ளைகள் பட்டா மாற்றப் போனபோது எண் ஒத்துப்போகவில்லை என்று மனு திரும்பிவிட்டது. விற்பனைப் பத்திரமாக இருந்தால் இரு தரப்பும் வந்து பிழைதிருத்தல் பத்திரம் எழுதலாம். உயிலில் திருத்தம் எழுத வேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார். நீதிமன்றம்தான் வழி. நான்கு ஆண்டுகள் போயின. வக்கீல் செலவுக்கு மருமகளின் நகை அடகுக்குப் போனது. ரைட்டர் தாமாகவே போய்ச் சாட்சி சொன்னார். அந்தக் குடும்பம் அவரைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கனக்கிறது என்கிறார்.

அன்றிலிருந்து பட்டாவும் புல வரைபடமும் மேசைக்கு வராமல் அவர் பேனாவைத் திறப்பதில்லை. தாய்ப்பத்திரத்தின் எண், பட்டாவின் எண் இரண்டையும் எழுதுகிறார். நான்கெல்லையை ஆள் பேரோடு எழுதுகிறார். முடிந்தால் நேரில் போய் நின்று பார்க்கிறார்.

சொற்களிலும் இதே கவனம். "என் மனைவி ஆயுள் வரை ஆண்டனுபவித்துக்கொண்டு, அவருக்குப் பின் என் மகன் அடைய வேண்டியது" என்ற வாக்கியம் ஊர் ஊராக எழுதப்பட்டது. மனைவிக்கு ஆயுள் பாத்தியம்தானா, முழுப் பாத்தியமா என்பதில் எத்தனையோ குடும்பங்கள் நீதிமன்றம் ஏறின. ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்தது முழு உரிமையாகவே மாறும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை. ரைட்டர் மனைவியின் பங்கை எழுதும்போது நேராகக் கேட்டுவிடுவார்: "விக்கற உரிமையோட குடுக்கறீங்களா, இல்லாமலா?" பாதிப் பேர் அதுவரை அதை யோசித்ததே இல்லை.

பெண்கள் உயில் எழுத வருவது அபூர்வம். அவர்கள்தான் முதலில் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. பிள்ளையில்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் உழைத்துச் சேர்த்ததும் கணவன் இல்லை என்றால் கணவனின் வாரிசுகளுக்கே முதலில் போகும். தாய் தந்தை அதற்குப் பிறகுதான். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அப்படி. கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, மாமியார் வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, தாய் வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவளை வளர்த்து ஆளாக்கிய தாயின் பக்கம் போகாமல் கணவனின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. 2009இல் ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் அதுதான் என்று சொல்லிவிட்டது. பாவு போட்டும் நூல் இழைத்தும் காசு சேர்த்து மனை வாங்கிய பெண்களிடம் ரைட்டர் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.

உயிலுக்கு அடுத்து, அறக்கட்டளை. இதற்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் சமீப ஆண்டுகளில் கூடியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஓர் ஏக்கர் நஞ்சையை அறக்கட்டளையாக்கி, வருகிற வருமானத்தில் ஆண்டுக்கொரு முறை பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று வந்தார். நல்ல மனசு. ரைட்டர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அறக்கட்டளைப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை நெடுங்காலம் 180 ரூபாய்தான், சமீபத்தில் உயர்த்தினார்கள். அது பெரிய விஷயமில்லை. நிலத்தையும் அதே பத்திரத்தில் இன்றே அறக்கட்டளைக்கு மாற்றினால் விற்பனைக்குப் போலத் தீர்வையும் கட்டணமும் வரும், சேர்த்து ஒன்பது சதவீதம். இருபது லட்சம் நிலத்துக்கு 1,80,000 ரூபாய். அதே நிலத்தை உயில் வழியாக அறக்கட்டளைக்கு விட்டால் தீர்வை இல்லை. அடுத்தது தனி வங்கிக் கணக்கு, பான் எண். நன்கொடை வாங்கி வரிவிலக்கு ரசீது கொடுக்க வேண்டுமென்றால் வருமான வரித் துறைப் பதிவு, ஆண்டறிக்கை, ஆடிட்டர். அந்த ஏக்கரின் குத்தகை வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். ஆடிட்டருக்குக் கொடுத்தது போக எத்தனை பிள்ளைகளுக்கு இலை போடுவது?

ஆசிரியர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். பிறகு மகளின் பங்கிலேயே ஒரு நிபந்தனையாக அந்தச் சாப்பாட்டை உயிலில் எழுதினார்கள். மகள் உடன்பட்டு, தன் மகனுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

முதல் கரையக் கூடாது, பலன் மட்டும் செலவாக வேண்டும் என்ற கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியத் தொண்ணூற்றாறு ஆடு கொடுத்ததாகச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கிழடாகி ஒன்று செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், மந்தை குறையாது, நெய் நிற்காது. இன்றைய வங்கி வைப்புநிதியைவிட அழகான பெயர்.

ஆனால் மந்தையை மேய்ப்பவர் யார்? இதற்கு ரைட்டர் காட்டுவது வாலாஜாபாத்திலிருந்து பேருந்தில் எளிதாகப் போய்விடக்கூடிய உத்திரமேரூர். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லோரும் பேசுவார்கள். அவர் அங்கே பார்ப்பது வேறொன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருப்பவர் வேண்டாம், எழுபதைத் தாண்டியவரும் வேண்டாம். அறக்கட்டளை எழுத வருகிறவர்கள் அறங்காவலர்களாகத் தம் தம்பி, மைத்துனர், சம்பந்தி என்று எல்லாரும் ஒரே வயதில் பெயர் கொடுப்பார்கள். பத்தாண்டில் எல்லாரும் ஒன்றாகக் கிழவர்கள். அடுத்த அறங்காவலரைத் தேர்ந்தெடுப்பது யார், கணக்கை யாரிடம் காட்டுவது, காட்டாவிட்டால் விலக்குவது எப்படி என்ற மூன்றுக்கும் வரி இல்லாத அறக்கட்டளைப் பத்திரத்தை அவர் எழுதித் தருவதில்லை.

எழுதி வைத்தவரின் எண்ணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த வரிகள்தான் அதைக் காக்கும். துபாஷியாகப் பெரும் பொருள் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794இல் திருவையாற்றில் இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதினார், கோயில் கைங்கரியங்களுக்கும் தர்மங்களுக்கும். பணம் பலர் கையில் சிக்கி, வழக்காகி, நீதிமன்றம் மீட்டு, மிஞ்சியதிலிருந்து சென்னையில் ஒரு பள்ளி திறந்தபோது ஆண்டு 1842. நாற்பத்தெட்டு வருஷம். காஞ்சிபுரத்தில் இன்று அவர் பெயரில் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான நெசவாளர் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். அந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் படித்திருக்கக்கூடியவர்களை ரைட்டர் நினைக்கிறார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் நெம்மேலி ஆளவந்தார் நாயக்கர் 1914இல் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் எழுதி வைத்தது 1,054 ஏக்கர். சவுக்கு மரமும் மணலுமாக இருந்த அந்த நிலம் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலம். சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் நெம்மேலி ஆலை நிற்பது அதன் ஒரு பகுதியில். அறநிலையத்துறை அதைப் பார்த்துக்கொள்கிறது, ஆக்கிரமிப்போடு போராடியபடியே.

அறக்கட்டளை கட்டாயம் வேண்டும் என்று அவரே சொன்னது ஒரு குடும்பத்துக்கு. மனவளர்ச்சி குன்றிய மகன், முப்பது வயது. அப்பாவும் அம்மாவும் தங்களுக்குப் பிறகு அவன் சோற்றுக்கு யார் என்று கேட்டு வந்தார்கள். வீட்டை அவன் பேரில் எழுதினால் அவனால் கையெழுத்துப் போட முடியாது, யாராவது போட வைத்துவிடுவார்கள். மூத்த மகள் பேரில் எழுதினால் மகள் நல்லவள், மகளுக்குப் பின்? 1882ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி, உயில் வழியாகவே ஒரு தனி அறக்கட்டளை. வீட்டு வாடகையும் காப்பீட்டுப் பணமும் அவன் செலவுக்கு, மகளோடு இன்னொருவரும் அறங்காவலர், அவன் காலத்துக்குப் பின் மிஞ்சியது பேரப்பிள்ளைகளுக்கு. காப்பாளர் நியமனத்துக்கு 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு. இதைத் தாம் எழுதக் கூடாது என்று ரைட்டர் காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீலிடம் அனுப்பினார். வக்கீல் கட்டணம் அவர் வாங்குவதைப் போலப் பத்து மடங்கு. அந்த அப்பா கையிலிருந்த பழைய தறியை விற்றுக் கட்டினார்.

போன வருடம் ஒரு அம்மா வந்தார். எழுபது வயது, பிள்ளையில்லை, கணவர் போய்ப் பல வருடம். பட்டு நூல் இழைத்துச் சேர்த்த காசில் இரண்டு அறை வீடு. தங்கை மகள்தான் சோறு போடுகிறாள், வீடு அவளுக்கு. ரைட்டர் எழுதிக்கொண்டே வந்து கேட்டார், "உங்களுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா யாருக்கும்மா?" பெற்ற பிள்ளைக்கு எழுதினால் பிள்ளை முந்திப் போனாலும் பேரனுக்கு வரும். தங்கை மகளுக்கு எழுதியது அப்படி வராது, கணவன் வழி வாரிசுகளுக்குப் போய்விடும். அதைச் சொல்வதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார். "நல்லா இருக்கிற பொண்ணப் பத்தி இன்னா பேச்சு பேசற நீ?" செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

எட்டு நாள் கழித்து வந்தார். "அவ பையனுக்கு எழுது. பதினெட்டு ஆகிறவரைக்கும் அவ அம்மா பாத்துக்கட்டும், அதான் என் தங்கச்சி. அப்பன் கையில குடுக்காத."

பதிவு நாளில் கைரேகைக் கருவி அந்த அம்மாவின் விரலை எடுக்கவில்லை. ஐம்பது வருடம் பட்டிழை ஓடிய கட்டைவிரல், வரி தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஈரத்துணியில் துடைத்து, மறுபடி வைத்து, நான்காவது தடவை விழுந்தது. அசலை மஞ்சள் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ரைட்டர் கையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தார். மீதியைத் தீபாவளிக்குத் தருவதாகச் சொன்னார். மூன்றாம் புத்தகத்தில் அந்த ஆண்டின் பதினேழாவது உயில் அது.